ஆரத்தி எடுத்த அக்கா கேட்ட பாலம்

தேர்தல் காலத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் சென்னைச் செய்திப் பிரிவின் டெஸ்க்கிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்துவிடும். "இன்னைக்கு வித்தியாசமா என்ன இருக்கு?" அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. நான் மதுரையில் ஒரு தனியார் செய்தித் தொலைக்காட்சியின் நிருபர். ஒளிப்பதிவாளரும் நானே, பல நாட்களில் வண்டி ஓட்டுபவனும் நானே. பதினான்கு வருடமாக இந்தப் பிழைப்பு. கையில் மைக், தோளில் கேமரா, முதுகில் சட்டையோடு ஒட்டிய பை. இப்படியே எத்தனையோ தேர்தல்களைப் பார்த்தாகிவிட்டது.

வித்தியாசம் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேட்பாளர் பரோட்டாவுக்கு மாவு வீசினால் அது வித்தியாசம். மறுநாள் எதிர்க்கட்சி வேட்பாளரும் மாவு வீசினால் அது பழசு, அவர் டீ ஆற்றியாக வேண்டும். ஒருமுறை தல்லாகுளம் பக்கம் ஒரு வேட்பாளர் இஸ்திரிக் கடைக்குள் புகுந்து, யாருடைய சட்டையையோ தேய்க்கப்போய்க் காலரைக் கருக்கிவிட்டார். எனக்கு அன்று நல்ல நாள். மத்தியானம் முழுக்க அதுதான் ஓடியது. டெஸ்க்கில் பாராட்டினார்கள். அந்தச் சட்டை யாருடையது, பாவம் அந்த மனிதர் மறுநாள் எதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வேட்பாளர் தொகுதிக்கு என்ன செய்வதாகச் சொன்னார் என்று இப்போது என்னைக் கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

பழியை டெஸ்க்கின் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவுவதற்காக இதை எழுதவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர்கள். ஒரே நேரத்தில் பத்து மாவட்டங்களின் படங்களைப் பார்த்து, எதில் மனிதர்கள் கண்ணை எடுக்காமல் நிற்பார்கள் என்று ஒரு நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியவர்கள். நான் எழுதுவது என் கையால் நடந்ததைப் பற்றி.

சித்திரை வெயில். அலங்காநல்லூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊர். காலை பத்து மணிக்கு வேட்பாளர் வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டரை ஆகியும் வந்தபாடில்லை. தெருவை அடைத்துத் துணிப்பந்தல் போட்டிருந்தார்கள். அதன் கீழே இருபது முப்பது பெண்கள் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கொட்டு அடிக்க வந்தவர்கள் கொட்டுகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். கட்சியின் கிளைச் செயலாளர் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்காமல், "கெளம்பிட்டாங்களாண்ணே, கெளம்பிட்டாங்களா" என்று கேட்டபடி தெருவை அளந்துகொண்டிருந்தார்.

நான் ஒரு வேப்பமரத்தடியில் பைக்கில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்த அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும். ஊதா நிறத்தில் சாயம் போன நூல் சேலை. மைக்கில் இருந்த சேனல் பெயரை ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க டிவியில இருந்துதானே வந்திருக்கீக?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஊருக்குத் தெற்கே ஓடையில் இருந்த தரைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். மூன்று வருடம் ஆகிறதாம். மழை பெய்தால் ஊருக்கு வெளியே போக வழியில்லை. தன் மகள் அக்கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கிறாள், தண்ணீர் வருகிற மாதங்களில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறாள் என்றார். மனு கொடுத்துப் பார்த்தார்களாம், ஆளும்கட்சிக்காரரைப் பார்த்தார்களாம். இன்றைக்கு வேட்பாளரிடம் நேருக்கு நேராகக் கேட்க வேண்டும், அதை நான் படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. டிவியில் வந்துவிட்டால் அவர் சொன்ன பதிலை மாற்ற முடியாதல்லவா என்று அவரே காரணமும் சொன்னார்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், டிவியில் போட நல்ல பைட், நறுக்கென்று ஒரு பேச்சுத் துண்டு, கிடைக்கும் என்றும் பட்டது. நான் தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். திறந்த வேனில் வருகிற வேட்பாளர் கேள்வி கேட்பவர்களுக்காக நிற்க மாட்டார், கையை ஆட்டிக்கொண்டே போய்விடுவார். ஆரத்தித் தட்டு இருக்கிற இடத்தில் மட்டும்தான் வண்டி நிற்கும். இறங்குவார், மூன்று சுற்று சுற்றி நெற்றியில் பொட்டு வைக்கிற வரைக்கும் நின்றே ஆகவேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் அவர் நம் கையில் இருக்கிறார். "நீங்க ஆரத்தி எடுங்கக்கா. பொட்டு வச்ச கையோட கேளுங்க. நான் எதிர்ல நின்னு எடுக்கறேன்."

"நானா தம்பி?" என்று கேட்டார்.

கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். எத்தனை பெண்களைக் கேமரா முன்னால் இழுத்து நிறுத்தியிருப்பேன், எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வெடி போட்டார்கள். கொட்டுக்காரர்கள் எழுந்தார்கள். பெண்கள் தட்டுகளில் கற்பூரத்தை வைத்துத் தீப்பெட்டியைத் தேடினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் தன் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கத் தட்டை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் வெற்றிலை. அந்தத் தட்டை நானே எடுத்து அக்காவின் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒரு கணம் தட்டையே பார்த்தார். பிறகு முன்னால் போய் நின்றார்.

அவர் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை, காலில் மெட்டி இல்லை. பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பேசிய எனக்கு அது கண்ணில் படவில்லை.

எப்படிப் படாமல் போகும் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். நாங்கள் புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள். மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் வேலை பார்த்த குடும்பம், என் மனைவியும் அப்படி ஒரு பள்ளியில்தான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். என் அம்மா, சித்திகள், அக்காமார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இடதுபக்கம் உட்காரும் அத்தனை பெண்கள், யாருக்கும் பொட்டு கிடையாது. பொட்டில்லாத நெற்றிதான் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த நெற்றி. கணவனை இழந்தவர் ஆரத்தி எடுக்க மாட்டார், எடுக்க விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மதுரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதுகூடத் தெரியாமல் இருக்குமா? யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் வெறும் நெற்றியைப் பார்த்ததும் சட்டென்று உறைக்கிற அந்தப் பழக்கம் என் கண்ணுக்கு இல்லை.

வேன் வந்து நின்றது. வேட்பாளர் இறங்கினார். அக்கா நிதானமாக மூன்று சுற்று சுற்றினார். விரலைச் சிவப்புத் தண்ணீரில் தொட்டு அவர் நெற்றியில் வைத்தார். வைத்த கையோடு, "ஐயா, எங்க ஓடையில பாலம்" என்று ஆரம்பித்தார். அதற்குள் பின்னால் பெண்கள் மத்தியில் ஒரு சலசலப்பு. யார் கையில் யார் தட்டைக் கொடுத்தது என்று ஒரு குரல். கிளைச் செயலாளர் பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கினார். தண்ணீர் சிந்தி வேட்பாளரின் வேட்டியில் சிவப்பாக இறங்கியது. செயலாளர் அவர் காதில் என்னவோ சொன்னார். வேட்பாளர் அக்காவைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என் கேமராவைப் பார்த்தார். இரண்டு விநாடி இருக்கும். அவர் என்ன கணக்குப் போட்டாரோ, இரண்டு கையையும் கூப்பி அக்காவின் முன்னால் குனிந்தார். எனக்கு எல்லாத் தாயும் ஒரே தாய்தான் என்று ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னார். கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். அக்கா மறுபடியும், "ஐயா, பாலம்" என்றார். கொட்டுச் சத்தம் எழுந்தது. வேன் நகர்ந்துவிட்டது.

மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அதில் பாலம் என்ற சொல் இரண்டு முறை தெளிவாகப் பதிவாகியிருந்தது. அங்கேயே போனிலிருந்து டெஸ்க்குக்கு அனுப்பினேன். படத்தோடு நாலு வரி எழுதி அனுப்புவது வழக்கம். முதல் வரியில், கணவரை இழந்த பெண் ஆரத்தி எடுத்ததால் பரபரப்பு என்று எழுதினேன். இரண்டாவது வரியில் வேட்பாளர் கைகூப்பியது, மூன்றாவதில் வேட்டியில் தண்ணீர் சிந்தியது. ஓடைப் பாலத்தைப் பற்றி அவர் கோரிக்கை வைத்தார் என்பது நாலாவது வரி. டெஸ்க்கில் எத்தனை வரி படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வரிசையில் எழுதினேன்.

நான் கே.கே. நகரில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எங்கள் சேனலில் சிவப்புப் பட்டை ஓட ஆரம்பித்துவிட்டது. கைம்பெண் கையால் ஆரத்தி, வேட்பாளரின் புரட்சி என்று போட்டிருந்தார்கள். இன்னொரு சேனல் அதே படத்தை வாங்கிப் போட்டு, அபசகுனமா, அரசியல் நாடகமா என்று கேட்டது. சாயங்காலம் விவாதம். நான்கு ஆண்கள். ஒருவர் இது சமூகநீதி என்றார், ஒருவர் முன்கூட்டியே திட்டமிட்ட நடிப்பு என்றார், ஒருவர் இதனால் பெண்கள் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று விளக்கினார், நான்காமவர் மற்ற மூவரையும் பேசவிடவில்லை. அவர்களுக்குப் பின்னால் திரையில் அக்கா தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு விநாடியாக வெட்டி, சத்தத்தை எடுத்துவிட்டு, வீணை இசையைப் போட்டிருந்தார்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு மணி நேரத்தில் நூறு தடவையாவது அவர் பொட்டு வைத்திருப்பார்.

என் மனைவி சோபாவில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். டிவி பார்க்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்தக்கா ஏதோ கேட்கறாங்கல்ல? வாய் அசையுது. என்ன கேட்டாங்க?" என்றாள்.

சொன்னேன்.

அப்படியானால் அது ஏன் வரவில்லை என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இந்தத் தொழிலைப் பற்றி உனக்கு என்ன தெரியும், பள்ளிக்கூடத்தில் சொன்னதையே வருடா வருடம் சொல்லிவிட்டு நாலரை மணிக்கு வீட்டுக்கு வருகிறவளுக்கு இதெல்லாம் புரியாது என்று கத்தினேன். அவள் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த விவாதத்தைப் பார்த்த அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள் என்று இப்போது எழுத முடிகிறது. அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வித்தியாசமாக என்ன என்ற கேள்வி வரவில்லை. அந்தம்மா வீட்டில் ஒரு பேட்டி வேண்டும் என்று வந்தது. மற்றவர்கள் போவதற்கு முன்னால் போய்விடுங்கண்ணே என்றான் டெஸ்க்கில் இருந்த பையன்.

போனேன். ஓடு வேய்ந்த இரண்டு அறை வீடு. பக்கத்து வீடு நாத்தனார் வீடு. கதவைச் சாத்தியிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். எனக்கு உட்கார மனம் வரவில்லை. தெரியாமல் தட்டைக் கொடுத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள், எங்கள் வீடுகளில் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லாததால் கவனிக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"நீங்க தெரியாம குடுத்தீக. நான் தெரியாம வாங்கல தம்பி" என்றார். "தட்டு இருந்தாத்தான் நிப்பாகன்னு நீங்கதானே சொன்னீக. ஒரு நிமிசம்தானே, கேட்டுப்புடுவோம்னு நெனச்சேன். ஊர் என்ன சொன்னாலும் சரி, பாலம் வந்தாப் போதும்னு நெனச்சேன்."

நான் அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வைகாசியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்களாம். பிள்ளையிலிருந்து தூக்கி வளர்த்தவர் அக்காதான். நேற்றுச் சாயங்காலம் நாத்தனார் வாசலில் நின்றபடியே, கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். "இதுவரைக்கும் விசேசத்துல ஓரமா நிப்பேன் தம்பி. பந்தியில ஒக்காருவேன், பாத்திரம் வெளக்குவேன். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. இப்ப நேத்திக்குப் பூராம் டிவியில அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுனதுக்குப் பெறகு, ஓரத்துலயும் நிக்க எடமில்ல" என்றார். குறை சொல்வதுபோலச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பிறகு கேமராவை வைத்தேன். அவர் நாலு நிமிடம் பேசினார். ஐப்பசி மாதம், விடிகாலை. வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. போன் போட்டவுடன் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஓடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர். வண்டி அக்கரையில் நின்றுவிட்டது. கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்தார்கள். தண்ணீரின் இழுப்பு அதிகமாக இருந்ததால் திரும்பிவிட்டார்கள். "டிரைவரு அந்தக் கரையில நின்னு கத்துறாரு, நெஞ்சை அமுக்குங்க, விடாம அமுக்குங்கன்னு. நான் இந்தக் கரையில அமுக்குறேன். அவரு சொல்றது பாதி கேக்குது, பாதி தண்ணிச் சத்தத்துல போயிருது." கயிறு கட்டி ஒரு ஆள் மருந்துப் பையோடு இக்கரைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வண்டிக்குள் இருந்த வெளிச்சம் தனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது என்றார். எந்த இடத்தில் தூண் போட்டால் பாலம் நிற்கும், எந்த இடத்தில் முன்பு பாலத்தை அடித்தளம் இல்லாமல் வெறும் மண்ணில் போட்டு ஏமாற்றினார்கள் என்பது வரைக்கும் சொன்னார். மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். அவ்வளவையும் நேற்று அந்த ஒரு நிமிடத்தில் கேட்டுவிடலாம் என்று மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டுதான் அவர் தட்டோடு நின்றிருக்கிறார்.

நாலு நிமிடத்தையும் அனுப்பினேன். இந்த முறை முதல் வரியிலேயே பாலம் என்று எழுதினேன். போன் போட்டும் சொன்னேன். கண்டிப்பாண்ணே என்றார்கள்.

எட்டு விநாடி வந்தது. வண்டிக்குள் வெளிச்சம் தெரிந்தது என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்த இடம். என்ன வெளிச்சம், எந்த வண்டி என்று பார்ப்பவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆரத்தி எடுத்த பெண்ணின் கண்ணீர் என்று தலைப்பு.

அன்று காலை அவர் வீட்டிலிருந்து நான் கிளம்புவதற்குள்ளேயே மற்ற சேனல்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஐந்து மைக். ஆரத்தி எடுத்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. ஒவ்வொருவருக்கும் அவர் ஐப்பசி மாதத்திலிருந்து ஆரம்பித்தார். நான் வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது குரல் உடையவில்லை, கண் காய்ந்திருந்தது. என் கூடவே பல வருடம் சுற்றியவன், நல்லவன்தான், "அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, கொஞ்சம் மெதுவா" என்று கேட்டான். அக்கா அவனைப் பார்த்தார். எதற்கு என்று அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. மறுபடி சொன்னார். அவனைத் தடுத்திருக்கலாம். நானும் அதே சோற்றைத் தின்கிறவன்தானே என்று சும்மா நின்றேன்.

இரண்டு நாள் கழித்து வேறொரு தொகுதியில் ஒரு வேட்பாளர் மாட்டுவண்டியிலிருந்து விழுந்தார். அதோடு ஆரத்தி முடிந்துபோனது.

அக்கா ஆரத்தி எடுத்த வேட்பாளர் தோற்றார். முடிவு தெரிந்த அரைமணி நேரத்தில் டெஸ்க்கிலிருந்து கூப்பிட்டார்கள். அந்தம்மாவின் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள், ஆரத்திதான் காரணம் என்கிறார்களா, அவரிடம் ஒரு பைட் கிடைக்குமா என்றார்கள். அந்தம்மா ஊரில் இல்லை, தேனிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். பதினான்கு வருடத்தில் ஒரு செய்தி வரக்கூடாது என்பதற்காக நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. மற்றவர்கள் போனார்கள். ஊர்க்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, அன்றைக்கே நினைத்தோம் என்று சொன்னார். அது ஓடியது. ஜெயித்தவர் நன்றி சொல்ல வந்தபோது அக்காவைத் தெருப்பக்கமே வரவிடவில்லையாம். வேறு பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். அவர்களுக்குப் பாலத்தைப் பற்றிக் கேட்கத் தைரியம் வந்திருக்காது. ஒருத்தி கேட்கப் போய் என்ன ஆனாள் என்றுதான் பார்த்திருக்கிறார்களே.

அதற்குப் பிறகு அந்த ஓடையை மட்டும் வைத்து ஒரு செய்தி செய்யலாம் என்று நான் இரண்டு முறை டெஸ்க்கில் கேட்டேன். தேர்தல்தான் முடிந்துவிட்டதே அண்ணே, இப்போது எதற்கு என்றார்கள். யாராவது தண்ணீரில் போய்விட்டார்களா என்றும் கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் பார்க்கலாம் என்றார்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. யாரும் சொல்லாமல், ஒரு லீவு நாளில், கேமராவை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஓடையில் முழங்காலுக்கு மேல் செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, கையைக் கோத்தபடி வரிசையாகக் கடந்தார்கள். கடைசியில் அக்கா மகளின் கையைப் பிடித்தபடி அக்கரை வரைக்கும் போய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். சேலையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். நல்லா இருக்கீகளா என்று விசாரித்தார். நாத்தனார் மகள் கல்யாணம் முடிந்துவிட்டதாம். மண்டபத்தில் வைத்த பாட்டுச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டதாம். நான் பாலத்தைப் பற்றி இன்னொரு தடவை பேசச் சொன்னேன். இப்போது போடுவார்களா என்று அவர் கேட்கவில்லை.

"அழுதுக்கிட்டுச் சொல்லணுமா தம்பி, சும்மா சொன்னாப் போதுமா?"

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கேலி இல்லை. வேலைக்குப் போன இடத்தில் களையெடுக்கவா, கட்டு சுமக்கவா என்று கேட்பதுபோலக் கேட்டார். சும்மா சொல்லுங்கக்கா என்றேன்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்து, நான் ஒன்றும் சொல்லாமலேயே ஓடை பின்னால் தெரிகிறமாதிரி நகர்ந்து நின்றார். நேராகக் கேமராவைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு இந்தக் கரையில செத்தாரு. ஆம்புலன்ஸ் அந்தக் கரையில நின்னுச்சு. எங்களுக்குப் பாலம் வேணும்."

அவ்வளவுதான். நான் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சை அமுக்கச் சொன்ன டிரைவர், கயிறு கட்டி வந்த ஆள், தூண் போட வேண்டிய இடம், மகளின் பள்ளிக்கூடம் என்று அவர் இனிமேல் சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்து, "இம்புட்டுத்தானே போடுவீக?" என்றார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் அவர் எனக்கு முன்னால் நடந்துபோனார். நான் அந்தப் பத்து விநாடியை அங்கிருந்தே அனுப்பினேன். அதையும் அவர்கள் போடவில்லை.